ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை மகிழ்ச்சி

தமிழ்நாட்டில் தெருவை மறிக்கும் உரிமை பலருக்கு உண்டு. அமைச்சர் வந்தால் மறிக்கலாம். வரப்போகிறார் என்று மாவட்டச் செயலாளர் சொன்னாலே முந்தின நாள் மறிக்கலாம். கவுன்சிலர் வீட்டுக் காதுகுத்து என்றால் தார்ச்சாலையில் கடப்பாறை இறக்கிப் பந்தக்கால் நடலாம். குழியை மூடுவது நகராட்சியின் பொறுப்பு, அதாவது யாருக்கும் பொறுப்பில்லை. குடிநீர்க் குழாய்க்காரர் தோண்டலாம், அவர் மூடிய மறுவாரமே பாதாளச் சாக்கடைக்காரர் தோண்டலாம். பேனர் கட்டலாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் ஒருவர் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கிச் செத்தார். அதற்குப் பிறகு நம் கட்சிக்காரர்கள் திருந்திவிட்டார்கள்: கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் நடப்பவன் மட்டும் கிடையாது. நடப்பவனுக்காக ஒரு தெருவை மறிப்பதென்றால் அது லேசில் ஆகாது. முதலில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வேண்டும். பிறகு ஸ்பான்சர், மேடை, ஆளுயர ஸ்பீக்கர், டிஜே, மார்பில் விளம்பரம் அச்சடித்த டி-ஷர்ட், தலைக்கு மேல் ரீங்காரமிடும் ட்ரோன். இத்தனையும் கூடிவந்தால் 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' பிறக்கும். பெசன்ட் நகரில் பத்தாண்டுக்கு முன்பே கார் இல்லா ஞாயிறு என்று ஒன்று நடந்தது. 2022இல் அண்ணா நகர் இரண்டாவது நிழற்சாலையில் பெரிய அளவில் ஆரம்பித்து, கோவை, மதுரை என்று பரவியது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் தெருவின் இரு முனையிலும் இரும்புத் தடுப்பு விழும். நடுவில் ஜூம்பா, ஸ்கேட்டிங், கயிறு தாண்டுதல், நம் பண்பாட்டுக்கு ஒரு ஓரத்தில் சிலம்பம். இரண்டு மூன்று மணி நேரம் எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். பிறகு தடுப்பை எடுத்துவிட்டால் மகிழ்ச்சி முடிந்தது. கார் இல்லாத தெருவை அனுபவிக்கக் குடும்பத்தோடு காரில் வந்தவர்கள், அடுத்த தெருவில் நடைமேடை மேல் ஏற்றி நிறுத்திய காரை எடுத்துக்கொண்டு டிபனுக்குப் போவார்கள்.

நடுத்தெருவில் பெண்கள் ஆடலாமா என்று கூவிய பண்பாட்டுக் காவலர்களோடு எனக்குக் கூட்டில்லை. பெண்கள் ஆடட்டும், நன்றாக ஆடட்டும். காரைப் பார்த்துப் பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்தே வளர்ந்த பிள்ளை, ஒரு நாள் சாலையின் நடுக்கோட்டில் ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? என் ஆத்திரம் ஆட்டத்தின் மேல் இல்லை. தெருவைத் திருடிக்கொண்டவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அதை நமக்கு வாடகைக்கு விட்டு, அதற்கு நன்றி சொல்லி ரீல்ஸ் போடவும் சொல்கிறார்களே, அதன் மேல்தான்.

சென்னையில் ஆடியது சிற்றூருக்கு வந்து சேர எப்போதும் கொஞ்ச காலம் ஆகும். நாளை பட்டு நெய்யும் எங்கள் ஆரணிக்கும் வரும் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தெருவில் வைப்பார்கள்? காந்தி ரோட்டில் வைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளாக அமைந்துவிட்டால் வெளியூர்க் கார்களெல்லாம் பட்டுக்கடை வாசலில் நிற்க வேண்டும். வேலூர் ரோடும் வந்தவாசி ரோடும் பேருந்துக்கும் நெல் மூட்டை லாரிக்கும் எழுதிவைத்தவை. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஷேர் ஆட்டோக்காரர்களின் ராஜ்யம். ஆக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத, கேட்பாரற்ற தெருவாகத் தேடுவார்கள். தேடினால் நேரே நெசவாளர் தெருவுக்குத்தான் வந்து நிற்பார்கள். அகலமாக இருக்கிறது, நீளமாக இருக்கிறது, கார் வைத்திருப்பவன் குறைவு. 'அடடா, என்ன லொகேஷன்' என்று ஈவென்ட்காரர் வாயைப் பிளப்பார்.

அந்தத் தெருவை அவ்வளவு நீளமாகப் போட்டவன் நகரமைப்பு படித்த எவனும் இல்லை. பாவு போட்டது. மூன்று சேலைக்கு ஓட்டிய பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏறும் நீள இழைகள், பதினெட்டு மீட்டருக்குக் குறையாது. அதை வீட்டுக்குள் விரிக்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் தெருவில் நீட்டி, இரு முனையிலும் இழுத்துக் கட்டி, குறுக்கே மூங்கில் குச்சி கொடுத்து, கஞ்சி தோய்த்து, ஒட்டிக்கொண்ட இழையைப் பிரித்து, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிய வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முனைக்கு முனை நடை. அப்பன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், எதிர்வீட்டுக்காரர் கூப்பிடாமலே வந்து ஒரு கை. ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆள். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பாவுக்கு இவர்கள். சேலத்துப் பக்கம் இந்த வேலைக்கென்றே ஊர் நடுவில் பாவடி என்று மைதானம் விட்டார்கள். பாவடித் தெரு என்ற பெயர் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறது.

அதாவது, இரு முனையும் மூடிய தெரு, விடியற்காலை, அக்கம்பக்கமெல்லாம் கூடி உடம்பை வளைத்து நிமிர்த்துவது எல்லாம் இங்கே இருந்தது. ஞாயிறு மட்டுமில்லை, வாரம் முழுக்க. போலீஸ் அனுமதி கிடையாது, தடுப்பு கிடையாது. பாவு கிடக்கிறது என்று தெரிந்தால் மாட்டுவண்டிக்காரர் அடுத்த தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போனார். சைக்கிள்காரர் இறங்கி உருட்டினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை குனிந்து அடியில் புகுந்து ஓடியது. யாருக்கும் யாரும் டி-ஷர்ட் தரவில்லை.

பிறகு கார் வந்தது. ஹாரன் வந்தது.

"யோவ், ரோட்ல இன்னாய்யா நூலு? எடு."

"அரை மணி நேரம் சார். கஞ்சி காஞ்சிடும் சார்."

"ரோடு உங்கப்பன் ஊட்டுதா?"

இல்லை ஐயா, அப்பன் வீட்டு ரோடு இல்லை. அப்பனுக்குப் பாட்டன் பாவு விரித்த ரோடு. ஆனால் இதைச் சொல்ல அந்த நெசவாளருக்கு நேரமில்லை. பட்டு ஈரமாக இருக்கும்போது வாயைத் திறந்தால் இழை போய்விடும். ஒவ்வொரு வீடாகப் பாவு தெருவை விட்டுப் போனது. இப்போது மெஷினில் ஓட்டி உருளையாகச் சுற்றி வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஒரு கூலி. இன்னும் தெருவில் விரிக்கிற வீடுகளுக்கு விடியலில் ஹாரன்தான் சுப்ரபாதம். நாளைக்கு இதே தெருவில் இதே கார்க்காரர் ஞாயிற்றுக்கிழமை டிராக் பேன்ட்டில் வந்து இறங்கி, கையை மேலே தூக்கி 'வீ லவ் ஆரணி' என்று கத்துவார். ஓரமாக நின்று பார்க்கும் நெசவாளரிடம் யாராவது மைக்கை நீட்டி, 'ஐயா, உடற்பயிற்சியின் அவசியம் பற்றி இரண்டு வார்த்தை' என்றும் கேட்பார்கள். கேட்காமல் விடமாட்டார்கள். அதுதான் அன்றைய நிகழ்ச்சியில் 'மண்ணின் மைந்தர்' பகுதி.

உடற்பயிற்சியைப் பற்றி அவர் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் குறுக்கே ஓடும் ஊடை இழைக்கு ஒரு மிதி. ஒரு பட்டுச்சேலைக்குப் பத்தாயிரம் ஊடைக்குக் குறையாது. அந்த உதைகளை எந்த ஸ்மார்ட் வாட்சும் எண்ணாது. கையில் கட்டிக்கொண்டால் அது நாடா இழுப்பதை எண்ணி, 'இன்னும் கொஞ்சம் நடக்கலாமே' என்று அறிவுரை சொல்லும். முழங்கால், இடுப்பு, கழுத்து, கண் என்று வரிசையாகப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றும் மனைவிக்குத் தோள்பட்டை போகும். அவள் பெயர் கூலிக் கணக்கில் கூட இல்லை. அவர்களிடம் 'உட்கார்ந்தே இருந்தால் உடம்பு கெட்டுவிடும்' என்று சொல்ல டாக்டரை மேடை ஏற்றுவார்கள். உட்கார்ந்தே இருக்கவில்லை என்றால் அடுப்பு கெட்டுவிடும் என்பதைச் சொல்ல எந்த மேடை இருக்கிறது? சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நெசவு நிற்கும்போது அவருக்கு நடக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். முதலாளி வீட்டுக்கு முன்பணம் கேட்டு நடப்பார். முதலாளி இல்லை என்று திரும்பி நடப்பார். சாயங்காலம் மறுபடி நடப்பார்.

நடை என்றதும் அரசுத் திட்டம் நினைவுக்கு வராமல் போகாது. 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கினார்கள். 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே மருத்துவ முகாம். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் டோக்கியோவில் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கொடுத்த யோசனை. அவர் மாரத்தான் ஓடுகிறவர். அவருடைய கால்களின் மேல் எனக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தின் பெயர் திருவண்ணாமலை. இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். செருப்பில்லாமல், ராத்திரியில், பாதிப் பேர் சர்க்கரை மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, சாலை முழுவதையும் காலுக்கே விட்டுவிடுகிறார்கள். ஜப்பான் வரை போக வேண்டாம், கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும்: மக்களுக்கு நடக்கத் தெரியாமல் இல்லை. நடக்க விட்டால் நடக்கிறார்கள். மலையைச் சுற்றி நடக்க விடுகிற அரசு, மார்க்கெட்டுக்கு நடக்க விடவில்லை, அவ்வளவுதான்.

நடுத்தெருவில் ஆடுவதையும் இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்வீடு. புரிசை என்ற ஊரின் பெயரைக் கூத்துப் பார்க்காதவர்களும் கேட்டிருப்பார்கள். திரௌபதை அம்மன் திருவிழா வந்தால் தெருவை மூடிவிடுவார்கள். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிய துரியோதனன் ராத்திரி பத்து மணிக்குத் திரையை விலக்கி அடவு பிடித்தால் விடிகிற வரைக்கும் சுழல்வான். அதில் எத்தனை கலோரி என்று யாரும் போர்டு வைக்கவில்லை. இன்று அந்தக் கூத்துக்கு ஸ்பீக்கர் அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்கு நாலு முறை அலைய வேண்டியிருக்கிறது. ஜூம்பாவுக்கு ஸ்டேஷனே வந்து ஆடுகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமைத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் முன்னோடி என்று பொகோட்டாவைச் சொல்வார்கள். சரியான முன்னோடிதான். கொலம்பியாவின் அந்தத் தலைநகரத்தில் 1974 டிசம்பரில் ஆரம்பித்தது. இன்றும் ஞாயிறு தவறாமல், விடுமுறை நாளும் தவறாமல், காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை நூற்றிருபது கிலோமீட்டர் அளவுக்குப் பெரிய பெரிய சாலைகளைச் சைக்கிளுக்கும் காலுக்கும் விடுகிறார்கள். ஒரு தெருவின் ஒரு துண்டு இல்லை, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிற சாலைகள். பணக்காரப் பேட்டையும் குடிசைப் பேட்டையும் அதே தாரில் கலக்கின்றன. அதோடும் நிற்கவில்லை. 1998இல் மேயரான என்ரிக்கே பென்யலோசா, நடைமேடையில் ஏறி நின்ற கார்களைக் கீழே இறக்கி, திரும்ப ஏறாதபடி வரிசையாகக் குட்டைத் தூண் நட்டார். கார்க்காரர்கள் கொதித்தார்கள், அவரைப் பதவியிலிருந்தே இறக்கப் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை. குருகிராமில் 2013 நவம்பரில் ராகிரி என்ற பெயரில் இது இந்தியாவுக்கு வந்தது. பிறகு நமக்கு வந்தது. நூற்றிருபது கிலோமீட்டரை வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டோம். தூணையும் தவறவிட்டோம். ஸ்பீக்கர் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

காகிதத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை. 2014இலேயே சென்னை மாநகராட்சி நடப்பவருக்கும் சைக்கிளுக்குமாக ஒரு கொள்கை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது அறுபது விழுக்காடு அவர்களுக்கே என்று எழுதிவைத்தது. படித்தால் கண்ணில் நீர் வரும். 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், தடையில்லாத நடைமேடை கேட்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதி நடைமேடைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் ஒன்றரைச் சேலை அகலம். எங்கள் கடைவீதியில் போய் அதைத் தேடிப் பாருங்கள். முதலில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கும். அதைத் தாண்டினால் கடைக்காரர் ஏற்றிய படிக்கட்டு, படிக்கட்டில் பொம்மை, பொம்மைக்கு மேல் பட்டுச்சேலை. பொம்மைக்கு நிற்க இடம் இருக்கிறது. அந்தச் சேலையை நெய்தவர் கீழே இறங்கி, சாக்கடை மூடியின் மேல் ஒரு காலும் தாரின் மேல் ஒரு காலுமாக, பின்னால் வரும் பேருந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார்.

முதுகைக் காட்டி நடந்தவர்களின் கணக்கும் அரசிடம் உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் ஆரணியின் மக்கள்தொகை அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம். ஒரே வருஷத்தில் பாதி ஆரணியைச் சாலையில் நசுக்கிவிட்டு, மீதிப் பாதியை 'வாங்க, நடக்கலாம், ஜாலியா இருக்கும்' என்று கூப்பிடுகிறோம். கூப்பிடுகிற போஸ்டரையும் நடைமேடையில் கம்பு நட்டுத்தான் ஒட்டுவார்கள்.

வசதிக்காரர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: எதையாவது தொடங்கத்தானே வேண்டும், சின்னதாகத் தொடங்கினால் பெரிதாகும் என்று. பொகோட்டாவில் ஆனது. இங்கே எந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஆடிய தெருவில் திங்கட்கிழமை நடைமேடை முளைத்தது? அதிகாரி மாறினார், நிகழ்ச்சி நின்றது. ஸ்பான்சர் மாறினார், நிகழ்ச்சி இடம் மாறியது. இரண்டு மணி நேரம் ஆட வைத்துவிட்டால் மீதி நூற்று அறுபத்தாறு மணி நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவன் கெட்டிக்காரன். சாராயக் கடையை வைத்துவிட்டு மதுவிலக்குப் பிரசாரத்துக்கு ரதம் விடுகிற மூளைதான் இதிலும் வேலை செய்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆரணிக்கு ஹேப்பி ஸ்ட்ரீட் வந்தே தீரும் என்றால், வரட்டும். விருந்தாளியை விரட்டுவது எங்கள் வழக்கமில்லை. தடுப்பை மட்டும் வாரம் முழுக்க விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். காலை ஐந்து முதல் ஏழு வரை நெசவாளர் தெருவுக்குள் கார் கிடையாது என்று நகராட்சி ஒரு தீர்மானம் போடட்டும். பாவு விரிக்கிறவர் விரிப்பார், விரிக்காத வீட்டுக் கிழவிகள் நாற்காலி போட்டு உட்கார்வார்கள், பிள்ளைகள் பந்து உருட்டுவார்கள். டிஜே வேண்டாம், நாலு வீட்டில் தறி ஓடினால் தாளம் தானாக வரும். டி-ஷர்ட்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் கடைவீதியில் ஒன்றரைச் சேலை அகலத்துக்குக் கல் பதிக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு முன் பேருந்து நிற்கும் என்று ஒரே ஒரு டிரைவருக்காவது சொல்லிக்கொடுக்கட்டும்.

சிறப்பு விருந்தினருக்கும் ஏற்பாடு செய்துவிடலாம். பிள்ளைகள் படித்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனதால் எங்கள் தெருவில் காலியாகக் கிடக்கும் தறிக்குழிகள் உண்டு. அதில் ஒன்றைத் துடைத்து, பாவு ஏற்றி, தார் சுற்றி வைக்கிறோம். ஆறு மணிக்கு இறங்கி உட்கார்ந்தால் எட்டு மணிக்கு எழுந்திருக்கலாம். முழங்காலுக்கு நல்லது, இடுப்புக்கு நல்லது, வயிறு நன்றாகக் குறையும். நெய்த அளவுக்கு அன்றைய கூலியைக் கணக்குப் பார்த்து மேடையிலேயே கையில் கொடுத்துவிடுவோம். சில்லறையாகத்தான் வரும், பையில் இடம் வைத்துக்கொண்டு வரட்டும். போட்டோகிராபர் தாராளமாக வரலாம். ட்ரோன் மட்டும் வேண்டாம். வீட்டுக்குள் கூரை தாழ்வு.